தரையில் விரித்த வண்டி

மார்ச் 4, திங்கள்

பெயின்ட் கடைக்காரர் தந்த டைரி. ஜனவரியும் பிப்ரவரியும் காலியாகவே போய்விட்டன. இன்றிலிருந்து பட்டறை வேலையை நான் எழுதி வைக்கப் போகிறேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

கையில் இருப்பது ஒரே வண்டி. 1937-ஆம் வருடத்து டெய்ம்லர் கார். கப்பலில் வந்தது எஞ்சினும் சேஸியும் மட்டும். உடம்பு முழுக்க ராயபுரத்தில் ‘ஹார்ட்லி அண்ட் பிள்ளை’ என்ற கோச் பட்டறையில் கட்டியது. தேக்குச் சட்டம், அதன்மேல் கையால் தட்டி வளைத்த அலுமினியத் தகடு. இதைப் போல இன்னொன்று கிடையாது. ஒரு கதவின் கீலை அடுத்த கதவில் வைத்தால் நிற்காது. மேல்கீலின் திருகைக் கீழ்க்கீலில் போட்டால் பாதியில் இறுகிவிடும். ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்து ராவிப் பொருத்தியிருக்கிறார்கள். பார்த்துப் பூட்டப் புத்தகமும் இல்லை.

எஞ்சின் போன வருடமே முடிந்தது. உடம்பை நவம்பரில் பிரிக்க ஆரம்பித்து, போன வாரம் முடித்தார். மற்ற பட்டறைகளில் கழற்றுவதைப் பையில் போட்டுச் சீட்டு கட்டுவார்கள், போனில் படம் எடுத்துக்கொள்வார்கள். என் வீட்டுக்காரருக்கு இரண்டும் ஆகாது. (மருதாசலம் என்று எழுதக் கை வரவில்லை. டைரியிலும் ‘அவர்’தான்.) “சீட்டு கட்டறவன் மெக்கானிக் இல்ல, போஸ்ட்மேன்” என்பார். அவர் வழி வேறு. ஷெட்டின் கிழக்குப் பாதியைத் துடைத்துவிட்டு, கழற்றும் ஒவ்வொன்றையும் வண்டியில் அது எங்கே இருந்ததோ அதே திசையில் தரையில் வைத்துக்கொண்டே போவார். முன்பக்கத்தது முன்னால், இடது பக்கத்தது இடதில், உள்ளே இருந்தது நடுவில். ஏணியில் ஏறிப் பார்த்தால் ஒரு வண்டி மல்லாந்து விரிந்து கிடக்கிற மாதிரி இருக்கும். ஆயிரத்து நூறு உருப்படிக்கு மேல். அதற்குள் யாரும் செருப்போடு போகக்கூடாது, பெருக்கக்கூடாது.

ஆறு வருடத்துக்கு முன்பு வாய்க்கால் உடைந்து தண்ணீர் உள்ளே வந்தபோது, இப்படி விரித்திருந்த வேறொரு வண்டியை அள்ளி மேலே போட வேண்டியதாகிவிட்டது. மறுநாள் ரேடியோ கேட்டுக்கொண்டே சாயங்காலத்துக்குள் திரும்ப விரித்துவிட்டார். ஒரு வாஷர் தப்பவில்லை.

மார்ச் 11, திங்கள்

ஜெகதாம்பாள் அம்மா வந்திருந்தார். வண்டிக்குச் சொந்தக்காரர். எழுபத்தேழு வயது, ஊன்றுகோல், கூர்மையான நாக்கு.

“ஏனம்மிணி, நான் பொறந்த எடத்த இப்படி அக்கக்காக் கழட்டிப் போட்டிருக்கறீங்க?”

விளையாட்டுப் பேச்சு இல்லை. அவர் பிறந்ததே இந்த வண்டிக்குள்தான். 1946 ஆகஸ்ட் 11. நீலாம்பூரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அவர் அம்மாவைக் கொண்டு போகும்போது, அவினாசி ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, பின்சீட்டில். டிரைவர் இறங்கி, வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கையை மட்டும் ஜன்னல் வழியாக உள்ளே விட்டு ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தாராம், யாராவது உதவிக்கு வரட்டுமென்று. “அந்தச் சத்தத்துல நான் அழுதது ஒருத்தருக்கும் கேக்கலையாமா. பொறந்தன்னிக்கே என்ற பேச்ச எவனும் கேக்கல.”

வண்டியை வாங்கியவர் அவருடைய தாத்தா, மில் வைத்திருந்தவர். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பின்னால் கரி அடுப்பு கட்டி ஓட்டியிருக்கிறார்கள். பாகம் பிரித்தபோது கை மாறி, சினிமாக்காரர்களுக்கு வாடகை ஓடி, கடைசியில் அன்னூர்ப் பக்கம் ஒரு அரிசி மில்லில் கோழி அடைகாக்கும் இடமாக இருந்ததை அம்மா தேடிப் பிடித்து மீட்டிருக்கிறார்.

“ஆகஸ்டு பதினொண்ணு எனக்கு எழுபத்தெட்டு முடியுது. அன்னிக்கு அதே எடத்துல கொண்டு போயி நிறுத்தோணும். மரத்தப் பாலத்துக்கு வெட்டிட்டானுங்க, போகட்டும். ரோடு இருக்குதல்லோ.”

“ஜூலையிலயே ஓட்டிட்டுப் போலாமுங்க” என்றார் அவர்.

இடது பின்கதவின் மரச்சட்டத்தை அம்மாவுக்குக் காட்டினார். தகட்டை உரித்தபோது அதற்குள் பென்சிலில் ‘இடது பின். கோவிந்தன்’ என்று இருந்தது. ராயபுரத்துத் தச்சர் எழுதியது, எண்பத்தேழு வருடமாக இருட்டுக்குள் இருந்த எழுத்து. “அந்தக் காலத்துலயே ஒருத்தன் போஸ்ட்மேன் வேலை பாத்திருக்கான் பாருங்க” என்று சிரித்தார். டீ குடித்து முடித்த பிறகு அதே கதவை எடுத்து வந்து, அதே வார்த்தையைச் சொல்லி, அதே மாதிரி சிரித்தார். இரண்டாவது தடவையும் அம்மா சிரித்தார். நல்ல மனசு.

மார்ச் 19, செவ்வாய்

மட்கார்டில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தேன். வண்ணம் கண்டுபிடித்துக் கலப்பது என் பொறுப்பு. வேதியியல் படித்துவிட்டுப் பெயின்ட் டப்பா கலக்குகிறாளே என்று என் அப்பாவுக்குக் கடைசி வரை வருத்தம். எனக்கு இல்லை.

மேலே வெள்ளை, அது சினிமாவுக்குப் போன காலம். அதன் கீழே கறுப்பு. அதற்கும் கீழே, முதல் பெயின்ட், கத்தரிக்காய் நிறம்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். “கறுப்பு நான் பொறந்தப்ப அடிச்சது. பேத்தி பொறந்த சந்தோசத்துல தாத்தா வண்டிக்கே புதுசு உடுத்தி விட்டாராமா” என்றார்.

அப்படித்தான் இருக்கும். ஆனால் முன்சீட்டு 37-ஆம் வருடத்து ஆணியோடு அப்படியே இருக்கிறது. பின்சீட்டை மட்டும் பலகை வரை பிடுங்கி எறிந்துவிட்டு வேறு போட்டிருக்கிறார்கள். மரத்தில் இரண்டு வரிசை ஆணி ஓட்டைகள். சந்தோஷத்தில் பெயின்ட் அடித்தவர் பின்சீட்டை ஏன் பிடுங்க வேண்டும்? தீட்டு என்ற சொல் தானாக மனதில் வந்து உட்கார்ந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. சிலவற்றைக் கண்டுபிடித்தவரே வைத்துக்கொள்வது நல்லது.

ஏப்ரல் 2, செவ்வாய்

கணபதி ஏரியாவில் முலாம் பூசும் கடைக்குப் போனவர் திரும்ப மூன்று மணி நேரம் தாமதம். மேம்பால வேலைக்காக எல்லா ரோட்டையும் திருப்பி விட்டிருக்கிறார்கள். யாருக்கும் குழம்பும்.

ஏப்ரல் 3, புதன்

எனக்குத்தான் தலைவலி. கண்ணாடி மாற்ற வேண்டும்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப் பிறப்பு. பாயசம் வைத்தேன். சாப்பிடும்போது, “காரமடை வண்டி எப்ப வருது?” என்று கேட்டார். காரமடை வண்டியை முடித்துக் கொடுத்து இரண்டு வருடமாகிறது. முதல் ஓட்டத்துக்கு மாலை போட்டு நாங்கள் இரண்டு பேரும்தான் உட்கார்ந்து போனோம். பண்டிகை நாளில் ஏதோ ஞாபகம். “வரும்” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 23, செவ்வாய்

அம்மாவின் அண்ணன் மகன் மும்பையிலிருந்து பேசினார். அங்கே பெரிய பட்டறை ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாராம், கண்டெய்னர் அனுப்பி இருக்கிறபடியே தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம். “அத்தை உங்க மேல வெச்ச நம்பிக்கைல நான் தலையிடலீங்க. ஆனா ஏதாவது சிக்கல்னா முன்னாடியே சொல்லிருங்க.”

சிக்கல் ஒன்றும் இல்லை என்றேன்.

மே 6, திங்கள்

பெயின்ட் அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு போல்ட்டை நட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஏறவில்லை. பழைய இங்கிலீஷ் மரை போல்ட்டு, இந்தக் காலத்து நட்டு. விரல் நுனியால் தடவியே மரை சொல்கிற ஆள். திருப்பித் திருப்பி வைத்தார். டிங்கர் வேலை பார்க்கும் அப்பாஸ் பக்கத்தில் வந்து, ஒன்றும் பேசாமல் சரியான நட்டை பெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் போனான். அப்பாஸ் எத்தனை நாளாக இப்படி வைத்துவிட்டுப் போகிறான் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மே 18, சனி

கோடை மழை. அவர் பம்பர் வாங்க ஈரோடு போயிருந்தார். மூன்று மணிக்குப் பிடித்தது. ஷெட் ஒழுகியது. விரித்திருந்ததை எல்லாம் அள்ளி கிரேட்டில் போட்டு மேடையில் ஏற்றச் சொன்னேன். நானும் அள்ளினேன். பதினான்கு கிரேட்.

அப்பாஸ், “அக்கா, ஒழுகறது அந்தத் தென்கிழக்கு மூலைலதானுங்களே?” என்றான். பரவும் என்றேன். “ஒரு போட்டோவாச்சும் எடுத்துக்கறனுங்க.” நேரமில்லை என்றேன்.

மழை இருபது நிமிடம் பெய்தது.

மே 19, ஞாயிறு

காலையில் ஷெட்டைத் திறந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். “எவன் எடுத்தது?”

“நான்தானுங்க. மழை.”

அண்ணாந்து கூரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். “செரி. நாளைக்கு விரிச்சர்லாம்.”

மே 20, திங்கள்

எட்டு மணிக்கு ரேடியோ போட்டார். முதல் கிரேட்டிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்து வலது பக்கம் வைத்தார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். எடுத்து இடது பக்கம் வைத்தார். மதியத்துக்குள் நாற்பது. சாயங்காலம் எண்ணினேன், அறுபத்திரண்டு. நடுவில் எப்போது ரேடியோவை அணைத்தார் என்று தெரியவில்லை.

மே 21, செவ்வாய்

அறுபத்திரண்டில் பாதிக்கு மேல் தப்பு என்று அப்பாஸ் சொன்னான். பெயின்ட் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான். “அண்ணன் தூங்கறதில்லீங்களாக்கா?” என்று கேட்டான். ஆமாம், தூக்கம் சரியில்லை என்றேன். அவன் தப்பிக்க ஒரு வழி கொடுத்தான், நான் பிடித்துக்கொண்டேன்.

மே 25, சனி

நான்கு நாளாக அவர் பட்டறைக்கு வரவில்லை. வீட்டு மின்விசிறியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். நன்றாகத்தான் ஓடுகிறது. மும்பையிலிருந்து போன். நல்லபடியாகப் போகிறது என்றேன். படம் கேட்டார். என் போனில் கேமரா பழுது என்றேன்.

அம்மா தந்த முன்பணத்தையும் திருப்பிக் கொடுத்து, கிரேட்டையும் ஏற்றி அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன். அனுப்பினால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தை நான் இன்னும் இந்த டைரியில்கூட எழுதவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

காலை ஆறு மணிக்கு அவர் படுக்கையில் இல்லை. ஷெட்டுக்குப் போனேன். வண்டியில் பிரிக்காமல் விட்டிருந்த தேக்கு மரக்கூட்டுக்குள், பின்சீட்டு இல்லாத பலகைமேல், முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலே பார்க்கிறார், பக்கத்தில் பார்க்கிறார். தொலைந்துபோன பிள்ளை மாதிரி. கூப்பிடாமல் வந்துவிட்டேன்.

எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் பழைய அறுபத்திரண்டும் கிரேட்டுக்குத் திரும்பியிருந்தது, தரையில் புதிதாக ஆறு உருப்படி. கூரை விளக்கும் அதன் வளையமும் நான்கு திருகும். ஆறும் சரி என்கிறான் அப்பாஸ்.

ஜூன் 12, புதன்

பதினொன்று. எல்லாம் சரி!

வல்லாரைக் கீரை கிடைத்தது. துவையல் அரைத்தேன். தூக்கம் இல்லாததுதான் காரணமாக இருந்திருக்கும். நாற்பத்தைந்து வயதில் எனக்கே சில சமயம் பெயர்கள் வருவதில்லை.

ஜூன் 24, திங்கள்

இருநூறு தாண்டிவிட்டது. தினமும் காலை ஒரு மணி நேரம் கூட்டுக்குள் போய் உட்காருகிறார், வந்து விரிக்கிறார். சாம்பாரில் உப்பு இல்லை என்று திட்டினார். சந்தோஷமாக இருந்தது.

ஒன்றுதான் புரியவில்லை. டிரைவருக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் உள்ள கண்ணாடித் தடுப்பு, திரைக் கம்பி, சாம்பல் கிண்ணம் என்று உள்பாகம் எல்லாம் வந்துவிட்டது. கதவு, கீல், மட்கார்டு பக்கம் மட்டும் போகவே மாட்டேன் என்கிறார். கேட்டால், “அது கடைசில” என்கிறார்.

ஜூலை 3, புதன்

அவர் கோவிலுக்குப் போயிருந்தார். மரச்சட்டத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசும் வேலை பாக்கி இருந்தது. வெளிப்பக்கம் முடித்துவிட்டு, பிரஷ்ஷோடு கூட்டுக்குள் ஏறினேன். இந்த வண்டிக்குள் நான் உட்கார்வது இதுதான் முதல் தடவை. மேலே பூசுவதற்காகப் பலகையில் மல்லாந்து படுத்தேன்.

கூரைச் சட்டத்தின் உள்முகத்தில் பென்சில் எழுத்து. கோவிந்தன் என்றுதான் முதலில் நினைத்தேன்.

‘கூரை விளக்கு. திருகு 4. நீளமானது டிரைவர் பக்கம். ஜன. 9.’

கோவிந்தன் எழுத்து சாய்ந்திருக்கும். இது நிமிர்ந்த எழுத்து. இருபத்திரண்டு வருடமாக நான் பார்க்கிற எழுத்து.

எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தேடினேன். தூணின் உள்பக்கம், டேஷ்போர்டுக்குப் பின்னால், சீட்டுப் பலகையின் அடியில், தைத்து மூடினால் யார் கண்ணிலும் படாத இடங்களில் எல்லாம். ‘நடுக்கண்ணாடி ரப்பர். வெட்டுவாய் கீழே. ஜன. 17.’ ‘திரைக் கம்பி. வளைவு உள்பக்கம்.’ ‘இந்த ஓட்டை காலி. எதையும் தேடாதே.’ தேதி ஜனவரி முதல் வாரத்தில் ஆரம்பித்துப் பிப்ரவரி வரை போகிறது. நவம்பரிலும் டிசம்பரிலும் பிரித்த கதவுக்கும் மட்கார்டுக்கும் ஒரு வரிகூட இல்லை. அப்போது அவருக்கு எழுதி வைக்கத் தேவைப்படவில்லை.

ஆக, ஜனவரியில் அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் இந்த டைரியை வாங்கி வைத்துக்கொண்டு ‘பெரிய காரணம் ஒன்றும் இல்லை’ என்று எழுதுவதற்கு இரண்டு மாதம் முன்பே.

பின்பக்கத் தூணில், கழுத்தைத் திருப்பினால்தான் தெரிகிற இடத்தில், எந்த உருப்படியையும் சேராத ஒரு வரி இருந்தது. ‘இது உன் எழுத்துதான். நம்பு.’

அவருக்கு நினைவு திரும்பிவிட்டது என்று மூன்று வாரமாக நான் கீரை அரைத்துக்கொண்டிருந்தேன். அவர் தினமும் ஆறு மணிக்கு எழுந்து வந்து, யாரோ எழுதியதைப் படிப்பது போலத் தன் எழுத்தைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆளிவிதை எண்ணெய் பென்சிலை அழிக்காது. இன்னும் கறுப்பாகக் காட்டும், காய்ந்த பிறகு தேய்த்தாலும் போகாது. படித்த படிப்பில் இவ்வளவாவது உதவியது. ஒவ்வொரு வரியின்மேலும் மெதுவாகப் பூசினேன்.

இனி நானும் எழுதிவிடுகிறேன். மே 18 அன்று அந்த மூலை மட்டும்தான் ஒழுகியது. அங்கே கிடந்தது ஒரு மட்கார்டு. அதை நகர்த்தியிருந்தால் போதும். மழை வரட்டும் என்று இரண்டு வாரமாகக் காத்திருந்தேன். வாய்க்கால் உடைந்த வருடம் போல ஒரே நாளில் விரித்துவிட்டாரானால் என் பயம் எல்லாம் வீண் என்று ஆகிவிடும். அதற்காக அள்ளினேன். கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்கப் பயந்து, ஆயிரத்து நூறு உருப்படியைக் கலைத்தேன்.

ஜூலை 4, வியாழன்

பேசவில்லை. ரசம், அப்பளம்.

ஜூலை 6, சனி

அவரே ஆரம்பித்தார். டீ டம்ளரைச் சுழற்றிக்கொண்டே, “உள்ளார எண்ணெ பூசிட்டயாட்ட” என்றார்.

“பூசிட்டனுங்க.”

“எல்லா எடத்துலயுமா?”

“எல்லா எடத்துலயும்.”

தலையாட்டினார். தெருவில் கேஸ் வண்டி போனது.

“அன்னிக்கு மழைக்கு நான் எல்லாத்தையும் அள்ளுனது…” என்றேன்.

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“கூரை அந்த மூலைல மட்டுந்தான் ஒழுகும். நான் போட்ட ஷீட்டு. அது மறக்கல, புள்ள.”

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

“என்னைக் கேட்டிருக்கலாமல்லோ?” என்றார்.

“நீங்க சொல்லியிருக்கலாமல்லங்க?”

“சொல்லி, நீ நம்பிட்டீன்னா?” என்றார்.

ஜூலை 15, திங்கள்

நரம்பு டாக்டர். சின்ன வயது, பொறுமையான பெண். பதினொன்று பத்து காட்டுகிற மாதிரி ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். அவர் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். டேஷ்போர்டுக் கடிகாரம், சாவி கொடுக்கும் குமிழ், கண்ணாடியைப் பிடிக்கும் வளையம், அதன் மூன்று திருகு, எண்கள் எல்லாம் அச்சு மாதிரி. முள் மட்டும் இல்லை.

“முள் எங்கேங்க சார்?”

“கழட்டி வெச்சிருக்கறனுங்க.”

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, அடுத்த மாதம் மறுபடி. ஐம்பத்து நான்கு வயதில் இது வருவது குறைவுதான், ஆனால் வரும் என்றார். மாத்திரை மெதுவாக்கும். நிறுத்தாது. வண்டி ஓட்டுவதைப் பற்றிக் கேட்டேன். இனி வேண்டாம் என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 18, வியாழன்

அப்பாஸிடம் அவரே சொன்னார். அப்பாஸ் தரையைப் பார்த்துக்கொண்டு, “பங்குனிலயே தெரியுமுங்கண்ணா” என்றான். “தெரிஞ்சு ஏண்டா சொல்லல?” “நீங்க மட்டும் நான் மட்கார்டு கோணலா அடிக்கறத வெளிய சொன்னீங்களா?” வெகு நாளுக்குப் பிறகு பட்டறையில் சிரிப்புச் சத்தம்.

கதவுக்கு எழுத்து இல்லை. ஒன்றொன்றாக வைத்துப் பார்ப்பதுதான் வழி. ஒவ்வொரு வாஷரும் மரத்தில் ஒரு வட்டம் பதித்திருக்கிறது. அந்த வட்டத்தில் கச்சிதமாக உட்காரும் வாஷரைத் தேட வேண்டும். நான் பூதக்கண்ணாடியோடு பார்க்கிறேன், அப்பாஸ் வைக்கிறான், அவர் கண்ணை மூடிக்கொண்டு கதவை ஆட்டிச் சத்தம் கேட்டு ‘இல்ல’ அல்லது ‘இருக்கட்டும்’ என்கிறார். பொருந்தியதும் சீட்டு எழுதிக் கட்டுகிறோம். சீட்டுக் கட்டை அவர்தான் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. காற்றில் ஷெட் தகடு அடித்துக்கொள்கிறது. மூன்று கதவு நின்றுவிட்டது. இடது பின்கதவு மட்டும் மூடவில்லை. அம்மா பிறந்த பக்கத்துக் கதவு. இன்னும் எட்டு நாளில் பெயின்ட் அடிப்பதும் பின்சீட்டு தைப்பதும் நடக்காது. எஞ்சினை உடம்போடு சேர்ப்பதே நடக்காது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

போனில் சொல்லலாம் என்றேன். நேரில் போக வேண்டும் என்றார். ஆட்டோவில் போனோம்.

அம்மா காப்பி கொடுத்தார். அவர் டம்ளரைத் தொடவில்லை. “அம்மா, வண்டி பதினொண்ணாந் தேதிக்கு ஆகாதுங்க. எனக்கு மறதி நோய் வந்திருச்சு. கழட்டுனதெல்லாம் மறந்து போச்சுங்க. மும்பைக்குக் குடுக்கறதுன்னா குடுத்துருங்க. தப்பா நெனைக்க மாட்டேன்.”

இவ்வளவு நீளமாக அவர் பேசி வெகு நாளாயிற்று. ஆட்டோவில் வரும்போது உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தது இதைத்தான்.

அம்மா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

“நான் பொறந்தது எனக்கு ஞாபகமா இருக்குதுங்கறயா? புளியமரமும் தெரியாது, ஹாரனும் தெரியாது. பக்கத்துல இருந்தவங்க சொன்னாங்க, நான் நம்பிட்டேன். எழுபத்தெட்டு வருசம் அதை வெச்சே ஓட்டிட்டேன்.” என் பக்கம் திரும்பினார். “உன்ற பக்கத்துல ஆள் இருக்குதல்லோ. அப்பறம் என்ன? மும்பைக்காரனுக்கு நான் பேசிக்கறேன். காப்பி ஆறுது, குடி.”

பின்சீட்டு விஷயம் என் நாக்கு நுனி வரை வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் அம்மாவுக்குச் சொன்னது அப்படியே இருக்கட்டும் என்று விழுங்கிவிட்டேன். ஆனால் வண்டி கறுப்பு வேண்டாம், கத்தரிக்காய் நிறமே அடிக்கலாமா என்று கேட்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்தார். “அடி. நான் வந்தப்ப இருந்த நெறம் அதுதான? அதைய மறைச்சது பத்தாதா” என்றார்.

அம்மாவுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அம்மா பத்து மணிக்கு வந்தார், பட்டுப் புடவையில். வண்டிக்குப் பெயின்ட் இல்லை, பின்சீட்டு இல்லை, இடது பின்புறம் கதவு இல்லாமல் திறந்து கிடக்கிறது. பலகைமேல் எங்கள் வீட்டு மெத்தையை மடித்துப் போட்டிருந்தேன். அப்பாஸும் நானும் பிடித்து ஏற்றினோம். கதவு இல்லாததால் ஏறுவது சுலபமாக இருந்தது.

உட்கார்ந்ததும் கையை அகட்டிப் பார்த்தார். “எங்கம்மா இந்த அகலத்துலயா படுத்தா?” என்றார்.

அவர் டிரைவர் கதவுப் பக்கம் போய், வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். பேட்டரி இணைத்திருந்தது எனக்குத் தெரியாது. கையை மட்டும் உள்ளே விட்டு ஹாரனை அமுக்கினார். விடவில்லை. பெரிய, கரகரத்த சத்தம். பக்கத்து லேத் பட்டறைக்காரர்கள் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்கள். மார்ச் மாதம் அம்மா ஒரே ஒரு தடவை சொன்னது அது. எப்படி நிற்க வேண்டும், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதுவரை அவருக்கு ஞாபகம் இருக்கிறது. அல்லது எங்காவது எழுதி வைத்திருக்கிறார். எதுவாக இருந்தாலும் சரி என்று தோன்றியது.

அந்தச் சத்தத்துக்குள் அம்மா அழுதிருந்தால் யாருக்கும் கேட்டிருக்காது.

இரவு சாப்பிட்டதும், “அந்த டைரியைக் கொஞ்சம் குடு” என்றார். எதற்கு என்று கேட்கவில்லை. இதை எழுதி முடித்ததும் கொடுக்கப் போகிறேன். பின்னால் புரட்டிப் படித்தாலும் படிக்கட்டும்.

ஆகஸ்ட் 12, திங்கள்

இடது பின்கதவு மாட்டியாச்சு. மேல்கீலுக்கு வாஷர் மூணு, கீழே ரெண்டு. சத்தமில்லாம மூடுது.

ஷெட் தென்கிழக்கு மூலை ஓட்டையை அடைச்சாச்சு. இனி மழை வந்தா எதையும் எடுக்க வேண்டாம்.

இது என் எழுத்துதான். நம்பு.